இரும்பை ஊறப் போட்ட வருஷம்

எங்கள் வீட்டுக்காரர் ஒரு நல்ல மரப்படகைக் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக இரும்புப் படகு ஒன்றை வாங்கிவந்த அன்று நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மதினி வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏ, ஒம் புருசன் பெரிய இருப்புச் சட்டி ஒண்ணக் கடலோட இழுத்துக்கிட்டு வாராரு, போய்ப் பாரு" என்றாள். சட்டி என்றால் வீட்டுக்கு ஆகுமே என்று நானும் சந்தோஷமாகத்தான் போனேன்.

போய்ப் பார்த்தால் மதினி பொய் சொல்லவில்லை. சட்டிதான். என்ன, ஊருக்கே சோறாக்கலாம். சண்டைக் காலத்தில் ஏதோ பெரிய கப்பலின் பக்கவாட்டில் தொங்கிய படகாம். கப்பல் முழுகினால் ஆட்கள் ஏறித் தப்பிப்பதற்கு. அந்தக் கப்பல் என்ன ஆனதோ, படகு மட்டும் கை மாறிக் கை மாறி, தொண்டிப் பக்கம் ஒருவர் தோப்பில் கவிழ்ந்து கிடந்து, கோழி அடைக்கிற கூடாகப் பல வருஷம் காலம் தள்ளியிருக்கிறது. உடம்பு முழுக்கத் துரு. வெற்றிலை எச்சில் காய்ந்த நிறம். நடுவில் பாய்மரம் நிறுத்த ஒரு குழி இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் அந்தக் குழியைப் பார்த்துத்தான் மயங்கியிருக்கிறார். பெண் பார்க்கப் போனவர் மூக்குத்தியை மட்டும் பார்த்துவிட்டுத் தட்டை மாற்றிக்கொண்டு வந்த மாதிரி.

நான் பிறந்தது ஆலங்குடிப் பக்கம். ராஜா ஆண்ட சீமை. ராஜா போய்ச் சில வருஷத்தில் என்னைக் கடற்கரைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மணமேல்குடிக்குக் கிழக்கே, அப்போது அது தஞ்சாவூர் ஜில்லா. கடலையும் முந்திரியும் விளைகிற செம்மண்ணிலிருந்து வந்தவளுக்குக் கடல் என்பது ஒரு பெரிய கண்மாய், அவ்வளவுதான். ஒரு பக்கம்தான் கரை இருக்கிறது என்பது மட்டும் குறை.

என் மாமனார் அந்தக் கரையில் பெயர் சொல்கிற ஆள். வத்தை ஓட்டியவர். வத்தை என்றால் எங்கள் பக்கத்துப் பாய் கட்டிய மரப்படகு. தேங்காய், உப்பு, கருவாடு என்று ஏற்றிக்கொண்டு கரையோரமாகவே ஊர் ஊராகப் போகும். அவரிடம் ஒரு வத்தை, மகனிடம் ஒரு வத்தை என்று இருந்தது. மகன்தான் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு இதைக் கட்டி இழுத்து வந்திருந்தார். மாமனார் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ளாற எத்தன கோழிடா இருந்துச்சு?"

"அப்பா, இரும்புப்பா. உளுக்காது, புழு அரிக்காது."

"உளுக்காது. முழுகும்ல?"

"கப்பலெல்லாம் இரும்புதானப்பா?"

"கப்பல்ல வெள்ளக்காரன் இருந்தான். இதுல நீயில்ல இருக்கப் போற."

கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்து மாமனார் சொன்னதைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுபோயிற்று.

"சித்திர பொறக்கிறதுக்குள்ள இது சரக்கு ஏத்திக்கிட்டுப் போயி, அடியில ஈரமில்லாமத் திரும்பி வரணும். வரலைன்னா, அறந்தாங்கியில ஒங்க அண்ணன் கூப்புட்டுக்கிட்டே இருக்கான்ல, புருசனும் பொண்டாட்டியும் பொட்டியக் கட்டுங்க."

அறந்தாங்கியில் என் மூத்தார் ரைஸ் மில் வைத்திருந்தார். தம்பி வந்து மூட்டைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஆசை. எங்கள் வீட்டுக்காரரோ தரையில் நடந்தாலே காலை அகட்டி, அலைக்கு ஈடு கொடுத்து நடக்கிறவர். அவரைக் கொண்டுபோய் நெல் மூட்டைக்கு நடுவில் உட்கார வைத்தால் மீனைக் கொண்டுபோய்க் குதிருக்குள் போட்ட கதைதான்.

எனக்கு வேறு கவலை. மூத்தார் மனைவி, என் ஓரகத்தி. நல்லவள். அதுதான் கஷ்டமே. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். இவள் நம் நன்மைக்காகவே நம்மைத் திருத்துவாள். என் குழம்பில் புளி அதிகம், என் கோலத்தில் புள்ளி குறைவு, என் சிரிப்பில் சத்தம் ஜாஸ்தி. அறந்தாங்கியில் நான் சிரிக்க வேண்டுமானால் தவிட்டுக் கிட்டங்கிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் சிரிக்க வேண்டும். ஆகையால் அந்தச் சட்டி மிதக்க வேண்டும் என்று அந்தக் கரையில் என்னைப் போல வேண்டிக்கொண்டவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அப்போது தை மாசம். படகு இரண்டு மூன்று இடத்தில் ஒழுகியது. தொண்டியிலிருந்து வருகிற வழியெல்லாம் தண்ணீரை இறைத்துக்கொண்டேதான் வந்திருக்கிறார்கள். அதை என்ன செய்வது என்று ஆண்கள் கூடிப் பேசினார்கள். பேச்சு ரொம்ப நேரம் நடக்கவில்லை. ஏனென்றால் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

வெயிலில் கிடந்த மரப்படகுக்குப் பலகை சுருங்கி இடுக்கு விடும். அப்படியே கடலில் இறக்கினால் ஒழுகும். அதனால் முழங்கால் ஆழத் தண்ணீரில் படகை நிறுத்தி, உள்ளே கடல்தண்ணீரை நிரப்பி, கல்லைத் தூக்கி வைத்து, சில நாள் ஊறப் போடுவார்கள். பலகை தண்ணீரைக் குடித்து ஊதும். இடுக்கெல்லாம் தானாக அடைத்துக்கொள்ளும். எங்கள் கரையில் இது பல் விளக்குவது போல. யாரும் யோசித்துச் செய்வதில்லை.

யோசிக்காமல் செய்தார்கள்.

"ரொம்ப நாளாத் தோப்புல காஞ்சு கெடந்துருக்கு. நல்லாக் குடிக்கட்டும்" என்று மாமனாரே முன்னால் நின்று சொன்னார். கல் சுமந்தவர்கள், தண்ணீர் மொண்டு ஊற்றியவர்கள், கரையில் நின்று யோசனை சொன்னவர்கள், எல்லாரும் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்தவர்கள். கடலைக்காட்டில் பிறந்த எனக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"ஏங்க, இருப்புச் சட்டியில தண்ணிய ஊத்தி வச்சா ஊதுமாங்க?"

"ஒனக்குப் படகப் பத்தி என்ன தெரியும்? பேசாம இரு."

பேசாமல் இருந்தேன். அப்படி ஒரு அதிசயமும் என் வாழ்க்கையில் நடந்திருக்கிறது.

தினமும் காலையில் இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போய், ஒழுகிய இடத்தைத் தடவிப் பார்ப்பார். உள்ளே இருந்த தண்ணீர் முதலில் நீர்மோர் நிறத்தில் இருந்தது. அப்புறம் ரசம். அப்புறம் வைத்த மறுநாள் சுட வைத்த குழம்பு. "பழைய சாயம் போகுது" என்று இவர் என்னைச் சமாதானம் செய்தார். மாமனார் கரையிலிருந்தே கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "குடிக்குது, குடிக்குது. இரும்புல்ல, மெதுவாத்தான் குடிக்கும்" என்றார்.

கல்லை எடுத்துத் தண்ணீரை இறைத்துக் கரையேற்றிய அன்று எல்லாரும் வந்திருந்தார்கள். மாமனார் சொன்னது பொய்யில்லை. படகு ஊதத்தான் செய்திருந்தது. பலகை இருந்தால்தானே பலகை ஊதும்? துரு ஊதியிருந்தது. அப்பளம் பொரிந்த மாதிரி அடுக்கடுக்காக எழும்பி, கையை வைத்தால் கையோடு வந்தது. ஒழுகிய இடம் அடைபடவில்லை. அதுவரை ஒழுகாமல் இருந்த இடங்களும் பக்கத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தன.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஊரே கூடிச் செய்த காரியத்தில் யாரை யார் திட்டுவது? கடைசியில் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்த வருசம் தண்ணி சரியில்ல" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தார்.

மாசி பிறந்ததும் தட்ட ஆரம்பித்தோம். இவர் வெளியே, நான் உள்ளே. ஆளுக்கு ஒரு சுத்தியல், ஒரு உளி. தட்டத் தட்டத் துரு செதில் செதிலாக விழுந்தது. தலையில், கண்ணில், காதில், சோற்றில் எல்லாம் துரு. அந்த மாசம் முழுக்க எங்கள் இரண்டு பேர் எச்சிலும் சிவப்பாகத்தான் இருந்தது. வெற்றிலைச் செலவு மிச்சம்.

ஒரு நாள் இவர் கொஞ்சம் வேகமாகத் தட்ட, உளி என் மூக்குக்கு நேரே உள்ளே வந்துவிட்டது. உளியை உருவியதும் ஓட்டை வழியே வெளிச்சம். அப்புறம் வெளிச்சம் மறைந்தது.

"என்னங்க, ஒரு கண்ணு தெரியுது" என்றேன்.

"எந்தக் கண்ணு?"

"வலது கண்ணு. தூசி விழுந்துச்சா, அழுகுதான்னு தெரியல."

அழுதுகொண்டுதான் இருந்தார் என்று நினைக்கிறேன். துருவை எடுத்தால் படகும் கூடவே வந்தது. பாதி இடத்தில் துருதான் படகாக இருந்தது.

உள்ளே தள்ளி இருந்த ஊரிலிருந்து ஆசாரி ஒருவரைக் கூட்டிவந்தோம். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுகிறவர். வந்தவர் படகைப் பார்த்துவிட்டு, "சக்கரம் எங்கிட்டு?" என்று கேட்டார். சக்கரம் இல்லை, இது தண்ணீரில் போவது என்றதும் அவர் முகத்தில் ஒரு இரக்கம் வந்தது. வைத்தியர் கைவிட்ட வீட்டில் அப்படிப் பார்ப்பார்கள்.

"இரும்ப நான் தண்ணியில போட்டிருக்கேன் ஆத்தா. ஒவ்வொரு தடவயும் அடியிலதான் போயிருக்கு."

"இது போவாது ஆசாரியாரே. நீங்க ஓட்டைய மட்டும் அடைங்க."

"அடைக்கிறேன். ஆனா கூட வாங்கன்னு மட்டும் சொல்லிறாதீங்க."

வெல்லம் காய்ச்சி உடைந்துபோன கொப்பரை ஒன்றின் தகட்டை வெட்டி, குங்கிலியத்தில் தோய்த்த சாக்குத் துணியை நடுவில் கொடுத்து, ஓட்டையின் மேல் வைத்து ரிவிட்டு அடித்தார். பழுக்கக் காய்ச்சிய ஆணியை வெளியிலிருந்து அவர் அடிக்கும்போது உள்ளேயிருந்து ஒருவர் கனமான இரும்பை வைத்து அண்டை கொடுக்க வேண்டும். இவர் துருத்தி ஊதினார். அண்டை கொடுத்தது நான். கோயில் மணிக்குள் உட்கார்ந்திருக்கும்போது யாரோ பூஜையை ஆரம்பித்த மாதிரி இருந்தது. வெளியே வந்தபோது எனக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அறந்தாங்கியிலிருந்து ஓரகத்தி வந்தாள். உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினாள். கையை நீட்டினாள், கண்ணைத் துடைத்தாள், என் தலையில் இருந்த துருவைத் தட்டி விட்டாள். ஒரு வார்த்தை காதில் விழவில்லை. கேட்காத காதுக்கு எல்லாமே நல்ல யோசனையாகத்தான் தெரியும். மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

காது திறந்த பிறகு மதினியிடம் விசாரித்தேன்.

"வருசப் பொறப்புக்கு முந்தின நாளு மாட்டு வண்டியோட வாரேன், சாமானெல்லாம் கட்டி வையின்னாங்க. நீயும் மண்டைய மண்டைய ஆட்டுன."

"அட பாவி, என்னைய ஒரு கிள்ளுக் கிள்ளியிருக்கக் கூடாது?"

"நீயா சிரிச்சுக்கிட்டே ஆட்டுன. சரி, இவளுக்குப் போக ஆசபோலன்னு நெனச்சேன்."

ஓட்டை அடைபட்டது. ஆனால் படகு முழுக்கப் பரவிக் கிடந்த மெல்லிய துரு போகவில்லை. உளிக்கு அகப்படாத துரு. இது எனக்குத் தெரிந்த ஜாதி. தோசைக்கல்லைக் கழுவி ஈரத்தோடு போட்டுவிட்டால் வருமே, அதுதான். அதற்குப் புளியும் செங்கல் பொடியும் போதும். கல் பெரிசு, அவ்வளவுதானே?

கரையிலிருந்த பெண்களையெல்லாம் திரட்டினேன். அவரவர் வீட்டுப் புளிச் சக்கையோடு வந்தார்கள். தேங்காய் நாரை வைத்து உள்ளும் புறமும் தேய்த்தோம். அன்றைக்கு நடந்த பேச்சையும் சிரிப்பையும் எழுதினால் என் பேத்திகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். சாயந்திரம் படகு வெள்ளிக் கிண்ணம் மாதிரி பளபளவென்று நின்றது. இவர் அதில் முகம் பார்த்துத் தலை சீவினார். "நாளைக்குப் பெயிண்டு அடிச்சிரலாம்" என்றார். கடல்காற்று ஜிலுஜிலுவென்று வீசியது. எல்லாரும் நிம்மதியாகப் போய்ப் படுத்தோம்.

காலையில் படகு மஞ்சள் பூசிக் குளித்திருந்தது. நல்ல பழுத்த மஞ்சள். மூலை முடுக்கு விடவில்லை. புளி பிடித்த இரும்பில் உப்புக்காற்று பட்டால் என்ன ஆகும் என்று ஆலங்குடியில் யாருக்கும் தெரிய வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

"மஞ்சத்தண்ணி ஊத்தியாச்சு. மாப்பிள்ள எப்ப வாராரு?" என்று இவர் கேட்டார்.

மதினி அதற்கு மேலே போனாள். "ஏண்டி, மூணு மாசத்துப் புளி. கொழம்பு வச்சிருந்தா ஊரே தின்னிருக்கும்."

இரண்டு பக்கமும் கணக்கு நேராகிவிட்டது. அவர்கள் இரும்பை ஊறப் போட்டார்கள், நான் இரும்புக்குக் குழம்பு வைத்தேன்.

பங்குனி பிறந்துவிட்டது. இவர் படகுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மணலில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் கஞ்சி கொண்டுபோனபோது நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "அறந்தாங்கியில டேசன் இருக்கு. தெனம் ரயிலு பாக்கலாம்."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. திட்டினால், கத்தினால் பயமில்லை. மனசுக்குள் தோற்றுப்போனவர்தான் ரயிலைப் பற்றிப் பேசுவார். கஞ்சிக் கலயத்தை வைத்துவிட்டுப் படகைச் சுற்றி நடந்தேன். மஞ்சள், மஞ்சள், எங்கும் மஞ்சள். முனைக்குக் கீழே வந்ததும் நின்றேன். அங்கே ஒரு முறம் அளவுக்குத் துருவே இல்லை. கருகருவென்று, எண்ணெய் வைத்துச் சீவிய தலை மாதிரி இருந்தது.

எண்ணெய்தான். மாமனார் தன் வத்தைக்குப் பூசுகிற சுறா எண்ணெயை ஒரு சாடியில் ஊற்றி, வெயில் படாமல் எங்கள் படகின் மறைவில் வைத்திருந்தார். நாங்கள் புளி போட்டுத் தேய்த்த அன்று ராத்திரி ஏதோ பூனை அதை உருட்டி, வழிந்ததை நக்கி, தன் உடம்போடு சேர்த்துப் படகிலும் நன்றாகப் புரட்டிவிட்டுப் போயிருந்தது.

"என்னங்க, இங்கிட்டு வந்து பாருங்க."

வந்து பார்த்தார். தடவினார். மோந்து பார்த்தார். "சுறா எண்ணெ மரத்துக்குல்ல பூசுறது?" என்றார்.

"ஊறப் போடுறது மட்டும் இரும்புக்கா?"

அவர் குச்சியைக் கீழே போட்டார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

மாமனாரிடம் நான்தான் போனேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒங்க எண்ணெயில கொஞ்சம் வேணும்."

"எதுக்கு?"

"சட்டிக்கு."

"எந்தச் சட்டிக்கு?"

"பெரிய சட்டிக்குத்தான் மாமா."

"எங்க அப்பன் காலத்துலேருந்து மரத்துக்குப் பூசுற எண்ணெ. கோழிக் கூட்டுக்குத் தரமாட்டேன்."

"பூனைக்கு மட்டும் குடுத்தீங்க."

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பையும் சேர்த்துத்தான் துடைத்தார். "பூன கேட்டுக்கிட்டா எடுத்துச்சு?" என்று சொல்லிவிட்டு, இன்னொரு எண்ணெய்ச் சாடியை முற்றத்திலேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். இதற்கு மேல் விளக்கமாகச் சொல்ல அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நானும் பூனை மாதிரியே நடந்துகொண்டேன்.

எண்ணெயில் குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டுக் காய்ச்சி, காவிப்பொடியைக் கலக்கினோம். ஆனால் எண்ணெயைவிட முக்கியமாக ஒன்றை அந்த மஞ்சள் காலையிலேயே கற்றிருந்தோம். படகு முழுவதையும் ஒரே மூச்சில் தேய்க்கக் கூடாது. பனி ஈரம் காய்ந்த பிறகு படுக்கிற பாய் ஒன்றின் அகலத்துக்கு மட்டும் தட்டி, உலர்ந்த செங்கல்லால் தேய்த்து, இரும்பு வெயிலில் சுடச் சுட இருக்கும்போதே எண்ணெயைப் பூசிவிட வேண்டும். கடல்காற்று கிளம்பிவிட்டால் பாதியில் இருந்தாலும் சுத்தியலைக் கீழே போட்டுவிட வேண்டும். தினம் ஒரு பாய் அகலம். அடை சுடுகிற மாதிரி. பொறுமை இல்லாதவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அவசரப்பட்டு நான் திருட்டுத்தனமாகப் பூசிய இரண்டு இடத்திலும் மறுபடி துரு எட்டிப் பார்த்தது.

வீடு நாறியது. நான் நாறினேன். கடைத்தெருவுக்குப் போனால் ஜனங்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். பூனைகள் ஒதுங்கவில்லை. ஊரிலிருந்த அத்தனை பூனையும் என் பின்னால் ஊர்வலம் வந்தது. "மகாராணி வாராங்க" என்பாள் மதினி, மூக்கைப் பிடித்துக்கொண்டே.

கடைசிப் பாய் அகலம் முடிந்து, எண்ணெய் காய்ந்து, பாய்மரம் நிறுத்தும்போது வருஷப் பிறப்பு வாசலுக்கு வந்துவிட்டது. முந்தின நாள் விடிந்ததும் இவர் தேங்காய் ஏற்றிக்கொண்டு கட்டுமாவடிக்குக் கிளம்பினார். இறக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது படகு மிதந்துகொண்டிருந்தது. காவி நிறத்தில், சாமியார் மாதிரி, எதற்கும் அலட்டிக்கொள்ளாமல் போயிற்று. ஆசாரியும் வந்திருந்தார். அலை தொடாத தூரத்தில் நின்று, படகு சின்னதாகிக் கண்ணுக்கு மறைகிற வரை பார்த்தார். "இன்னும் போவலையே" என்றார். அடியில் போகவில்லையே என்ற அர்த்தத்தில்.

வெயில் ஏறும்போது ஓரகத்தி மாட்டு வண்டியோடு வந்து இறங்கினாள்.

"பொட்டி எங்கடி?"

"இன்னும் கட்டலக்கா. அவரு போயிருக்காரு."

"அன்னிக்கித் தலைய ஆட்டுனியே?"

"காது கேக்கலக்கா."

"காது கேக்காதவ எதுக்குத் தலைய ஆட்டணும்?" என்று கேட்டுவிட்டு, என்னோடு மணலில் உட்கார்ந்தாள். "அங்கிட்டு மில்லு சத்தத்துல எனக்குப் பேச ஆளே இல்லடி. நீ வந்தா சண்டயாச்சும் போடலாம்னு நெனச்சேன்" என்றாள். அத்தனை வருஷத்தில் அவள் என்னைத் திருத்தாமல் பேசிய முதல் பேச்சு. படகு திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள், இவளுக்காகவும் ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்று அந்தச் சாமிக்கே குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

உச்சி சாய்ந்த பிறகு பாய் தெரிந்தது. படகு கரைக்கு வரும்வரை மாமனார் பொறுக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய், முதல் தடவையாக அந்த இரும்பில் ஏறினார். நானும் புடவையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே போய் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். இவர் பாய்மரத்தடியில் பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி நின்றார். மாமனார் குனிந்தார். ஒட்டுப் போட்ட தகட்டை, ஆணியை, அடியை, ஒவ்வொன்றாகத் துண்டால் துடைத்துப் பார்த்தார். துண்டு நனையவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அப்போதுதான் என் கண்ணில் பட்டது. நான் பிடித்திருந்த ஓரத்தில், எண்ணெய் படாமல் விட்டுப்போன ஒரு முனையில், புதுசாக ஒரு துருப் புள்ளி. சட்டென்று உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, "கட்டுமாவடியில தேங்கா நல்லாப் போச்சாங்க?" என்று இவரைச் சத்தமாக விசாரித்தேன்.

மாமனார் துடைத்துக்கொண்டே என் பக்கம் வந்தார். நின்றார்.

"கையை எடு ஆத்தா."

"சும்மா பிடிமானத்துக்கு மாமா."

"எடு."

எடுத்தேன். அவர் அந்தப் புள்ளியைப் பார்த்தார், என் உள்ளங்கையில் பதிந்திருந்த சிவப்பையும் பார்த்தார்.

"ஒழுகல" என்றார். "ஆனா இது தெனம் துருக்கும் போலிருக்கே. இன்னிக்கி இங்கிட்டு, நாளைக்கி அங்கிட்டு. இவன் ஒருத்தன் தட்டித் தீருமா?"

நானும் இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கரையைப் பார்த்துத் திரும்பி, ஓரகத்தியின் வண்டிக்காரரிடம் கையை உயர்த்தினார். "ஏப்பா, வண்டிய இப்பவே பூட்டாத, ரெண்டு பேரும் சாப்புட்டுட்டுப் போங்க. போகையில வழியில ஆசாரி பட்டறையில ஒரு சேதி சொல்லணும். சுத்தியல் ஒண்ணு அடிச்சு வைக்கச் சொல்லு. கைப்பிடி நீளமா இருக்கட்டும்."

"யாருக்குங்கய்யா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"எனக்குத்தாம்ப்பா. இந்தச் சட்டிக்குள்ள என்னால குனிய முடியல."